ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசை அன்று என் தாத்தா இரண்டு பொருள்களைச் சாமி மேடையில் வைப்பார். ஒன்று, தோட்டத்தில் மரம் வெட்டிய காலத்துப் பால்வெட்டுக் கத்தி. இன்னொன்று, அவருடைய கைக்கடிகாரம். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. கடிகாரக் கண்ணாடியில் மட்டும் பொட்டு மிகச் சிறியதாக இருக்கும். நேரம் மறையக் கூடாதாம்.

தாத்தா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கத்தி அப்பாவிடம் இருக்கிறது, கடிகாரம் என்னிடம். அந்தக் கடிகாரத்தை நான் எப்படிக் கெடுத்தேன், பிறகு எப்படிச் சரிசெய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொரு கேள்வி முன்னால் வந்து நின்றது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? 'எனக்கு இது வேண்டும்' என்று வாய் திறந்து கேட்காத ஒன்றைக் கவனிப்பது நம் கடமையா, இல்லை நேரம் இருந்தால் செய்கிற நல்ல காரியம் மட்டும்தானா?

ஜனதா

அது ஓர் எச்.எம்.டி. ஜனதா. இந்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி., 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா என்றால் மக்கள். பேருக்கு ஏற்றபடி சாதாரண மக்களுக்கான கடிகாரம். பேட்டரி கிடையாது, தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டும். சிதம்பரம் கப்பல் மெட்ராசுக்கும் நம் கரைக்கும் போய்வந்த காலத்தில், ஊருக்குப் போய்த் திரும்பிய தாத்தாவின் மைத்துனர் வாங்கிவந்து கொடுத்தது.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவருக்குக் கடிகாரம் அலங்காரப் பொருள் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். பெரட்டுக்குக் கிளம்பும் முன் தாத்தா செய்யும் முதல் வேலை கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. தீபகற்ப மலேசியாவின் நேரத்தை 1982 ஜனவரி 1-இல் அரை மணி முன்னால் தள்ளினார்கள் அல்லவா? அதைப் பற்றித் தாத்தா சொல்வார்: "முள்ளு சொன்னபடி கேட்டுச்சு. சூரியன்தான் கேக்கல."

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்து, வேலையெல்லாம் ஓய்ந்த பிறகும் அவர் சாவி கொடுப்பதை நிறுத்தவில்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, சாவி கொடுத்து, கோவிலுக்கு நடப்பார். அந்த வரிசை மாறாது.

'மாசே ஜாலான், தாப்பி சாக்கிட்'

தாத்தாவின் காரியங்கள் முடிந்து சில மாதங்கள் கழித்து, அறுந்துபோன வாரை மாற்ற மலாக்கா நகரில் ஒரு கடிகாரக் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கண்ணாடிப் பெட்டி. அங்கே இருந்த சீனப் பெரியவர் வாரை மாற்றிவிட்டு, நான் கேட்காமலே கடிகாரத்தை ஒரு சிறிய கருவியின் மேல் வைத்தார். அது கடிகாரத்தின் டிக் சத்தத்தைக் கேட்டு அளக்கும் கருவி. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தவர் சொன்னார்: "தம்பி, மாசே ஜாலான், தாப்பி சாக்கிட்." இன்னும் ஓடுது, ஆனா நோயாளி.

எனக்குப் புரியவில்லை. ஒரு நாளைக்கு அரை நிமிடம்கூடத் தவறவில்லையே. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அதில் 30 வினாடி போனாலும் பிழை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் கணக்கைக் கேட்டு அவர் சிரித்தார்.

அவர் விளக்கியது இதுதான். கடிகாரத்துக்குள் சமநிலைச் சக்கரம் என்று ஒன்று இருக்கிறது. முடி போன்ற ஒரு சுருள்வில்லின் இழுப்பில் அது இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஜனதாவில் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு 5. ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 158 மில்லியன். நல்ல நிலையில் உள்ள கடிகாரத்தில் அந்தச் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 270 பாகைக்குக் குறையாமல் வீசி ஆடும். தாத்தாவின் கடிகாரத்தில் 180 பாகைதான். வீச்சு குறைந்தாலும் துடிப்பின் வேகம் பெரிதாக மாறாது. அதனால் நேரம் சரியாகவே தெரியும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே பலம் இறங்கிக்கொண்டிருக்கும்.

காரணம் எண்ணெய். சக்கரங்களின் அச்சு முனைகள் தலைமுடி அளவுக்கு மெல்லியவை. அவை செயற்கை மாணிக்கக் கற்களில் உள்ள துளைகளில் சுழல்கின்றன. ஜனதாவில் இப்படி 17 கற்கள். துளையின் ஓரத்தில் சிறு குழி ஒன்று இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சொட்டு எண்ணெய் அதில் தங்க வேண்டும். சில ஆண்டுகளில் அது காய்ந்துவிடும் அல்லது தூசியோடு சேர்ந்து பிசின் போல ஆகிவிடும். பிறகு உலோகத் துகளும் பழைய எண்ணெயும் சேர்ந்து அச்சை அரம் போல அறுக்கும். இப்படிப்பட்ட பழைய கடிகாரத்தை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுக்கப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் இட வேண்டும் என்றார். கூலி 180 வெள்ளி.

பாசார் மாலாமில் 30 வெள்ளிக்குப் புதுக் கடிகாரம் கிடைக்கிறது. "பரவாயில்ல அங்கிள், ஓடிக்கிட்டுத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

என் சொந்த வைத்தியம்

ஓராண்டு கழித்துக் கடிகாரம் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு 3 நிமிடம், பிறகு 10 நிமிடம். இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? எண்ணெய் காய்ந்துவிட்டது, எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். ஓர் இரவு விடுதி அறையில் பின்மூடியைக் கத்தி முனையால் நெம்பித் திறந்து, பாட்டியின் தையல் மெஷினுக்கு வாங்கிய எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டேன். சொட்டு விடும்போது தாத்தாவை நினைத்துக்கொண்டேன். மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை கடிகாரம் ஒரு மணிக்கு பல நிமிடம் முந்தி ஓடியது. இரண்டு நாளில் நின்றே போனது.

வெட்கத்தோடு அதே பெரியவரிடம் போனேன். அவர் திட்டவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எண்ணெய் எல்லாப் பக்கமும் வழிந்து சுருள்வில்லில் ஏறியிருந்தது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வில்லின் நீளம் குறைந்தது மாதிரி ஆகிவிடும், அதனால்தான் அந்த ஓட்டம். அதைவிட மோசமானது, பழைய அழுக்கைக் கழுவாமல் மேலே எண்ணெய் விட்டது. உள்ளே இருந்த துகளுக்கு நானே வழி அமைத்துக் கொடுத்துவிட்டேன். ஓர் அச்சு முனையில் தேய்ந்த பள்ளம் கண்ணாடி வழியே நன்றாகத் தெரிந்தது. கடிகாரத்தில் எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் ஆகாது, சில இடங்களில் எண்ணெயே படக் கூடாது என்பதையும் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அந்தச் சக்கரத்தை மாற்ற வேண்டும். எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு 2016-இல் முடிவெடுத்துவிட்டது. புது உதிரிபாகத்துக்கு எங்கே போவது? பெரியவர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே செத்துப்போன கடிகாரங்கள். அதில் ஒரு ஜனதாவின் சக்கரம் தாத்தாவின் கடிகாரத்துக்குப் போனது.

மூடிக்குள் இருந்த தேதிகள்

கடிகாரத்தைத் திரும்ப வாங்கப் போன அன்று, பெரியவர் பின்மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். அதில் ஊசியால் கீறியது போலச் சின்னச் சின்ன எழுத்துகள். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் சர்வீஸ் செய்த தேதியை அப்படிக் கீறி வைப்பது வழக்கமாம். நான்கு தேதிகள் இருந்தன. தோட்டத்துக் கூலியில் குடும்பம் நடத்திய மனிதர், 5, 6 ஆண்டுக்கு ஒருமுறை பஸ் ஏறி டவுனுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கொடுத்து, காசு கட்டி, வாங்கிப் போயிருக்கிறார். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான்காவது தேதி, அவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிய ஆண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடு போய், நகரத்தில் வாடகை வீடு. அதன் பிறகு தேதியே இல்லை. வாடகை, அப்பாவின் தம்பிகள், பிறகு நாங்கள், எங்கள் பள்ளிக் கட்டணம். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது கடிகாரத்தை அல்ல. தாத்தாவின் கடைசி ஆண்டுகளை.

எண்பது வயதிலும் தினமும் கோவிலுக்கு நடந்து போனவர் அவர். யார் கேட்டாலும் நாங்கள் சொல்வோம், "தாத்தாவுக்கு என்ன, ராஜா மாதிரி நடக்குறாரு." அவரும் எதுவும் கேட்கவில்லை. வலது பாதத்தில் ஒரு புண் வந்து, அது ஆறாமல், கால் கருத்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். சர்க்கரை பல ஆண்டுகளாக இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள் என்று கேட்டார். எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இந்த நாட்டில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி யுனிவர்சிட்டியில் ஒரு கண்காட்சிக்குப் பலகைகூட எழுதியிருக்கிறேன்.

அவர் நடந்துகொண்டிருந்தார். அதை நாங்கள் நலம் என்று எடுத்துக்கொண்டோம்.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

வகுப்பில் இதற்குப் பெயர் உண்டு. பழுதான பின் பார்ப்பது ஒரு முறை, பழுதாகும் முன் பார்ப்பது இன்னொரு முறை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் கோவிலில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள்.

கும்பாபிஷேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை செய்வது மரபு. கோபுரம் இடிந்தால்தான், கூரை ஒழுகினால்தான் என்று காத்திருப்பதில்லை. பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியை வேறோர் இடத்துக்கு எழுந்தருளச் செய்து, கோவிலைப் பழுது பார்க்கிறார்கள். பிறகு மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துகிறார்கள். எட்டுப் பொருள்களை இடித்துச் செய்யும் அந்த மருந்து காலப்போக்கில் இறுகி வெடிக்கும். வெடிக்கும் வரை விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு. கடிகாரத்தின் எண்ணெயும் இதுவும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. நம் மலாக்காவில் ஜாலான் துக்காங் எமாஸ் பொய்யாத விநாயகர் கோவில் 1781-இல் எழுந்தது. 240 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் அங்கே பூசை நடக்கிறது என்றால், கட்டியவர்களின் பெருமை மட்டும் அதற்குக் காரணமில்லை. பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறைகள் தங்கள் முறை வந்தபோது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பர் பெருமானின் திருவுருவத்தைக் கவனித்திருப்பீர்கள். தோளில் உழவாரப்படை. புல் செதுக்கும் கருவி அது. அவர் ஊர் ஊராகப் போய்க் கோவில் சுற்றில் முளைத்த புல்லைச் செதுக்கினார். செதுக்கிய புல் திரும்ப முளைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்ததைத்தான் நம் முன்னோர் பக்தி என்று கும்பிட்டார்கள். நாமோ புதிதாக ஒன்றைத் திறந்து வைப்பவருக்கு மாலை போடுகிறோம், திறந்ததைப் பெருக்கித் துடைப்பவரின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. நம் மன்றத்தின் நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்வோம். தொடக்க விழாவுக்கு வந்த கூட்டத்தில் எத்தனை பேர் மறுநாள் நாற்காலி அடுக்க வந்தோம்?

இது பற்று இல்லையா?

சமய வகுப்பில் என்னோடு படித்த ஒரு நண்பன் கேட்டான்: "பொருள் மேல பற்று வைக்காதேன்னுதானே படிச்சோம்? ஒரு பழைய கடிகாரத்துக்கு இவ்ளோ செலவா?" நியாயமான கேள்வி. கடைசியில் உதிரிபாகத்தோடு 240 வெள்ளி ஆனது. அதற்கு நான் இரண்டு மாதம் வார இறுதியில் உணவகத்தில் வேலை செய்தேன். அந்தக் காசைத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளை ஒன்றின் புத்தகத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் என்னிடம் முழுப் பதில் இல்லை.

ஆனாலும் பற்றையும் பராமரிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்று நினைக்கிறேன். அன்று இரவு நான் தையல் மெஷின் எண்ணெய் விட்டேனே, அதுதான் பற்று. கடிகாரத்துக்கு என்ன தேவை என்று நான் பார்க்கவே இல்லை. தாத்தாவுக்கு ஏதோ செய்துவிட்டேன் என்ற நிறைவு எனக்குத் தேவைப்பட்டது. அது ஒன்றுதான் நடந்தது. பெரியவர் செய்தது வேறு. அவருக்கு என் தாத்தா யாரென்று தெரியாது. ஆனால் கருவியை வைத்துக் கேட்டார், பிரித்துப் பார்த்தார், எங்கே எண்ணெய் வேண்டும் எங்கே கூடாது என்று தெரிந்து செய்தார். முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதற்கு எனக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு அந்த மேசைதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பராமரிப்பு என்ற பெயரில் எதையும் தொட்டுக்கொண்டே இருப்பதும் தவறு. கடிகாரத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தூசி உள்ளே போகும். 1978-இல் அமெரிக்காவில் நோலன், ஹீப் என்ற இருவர் விமானப் பாகங்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை, பெரும்பாலான பாகங்களுக்குக் காலக்கெடு வைத்துப் பிரித்துப் போடுவதால் பயன் இல்லை என்று காட்டியது. அதனால் கடமை என்பது எப்போதும் பிரிப்பது அல்ல. தவறாமல் கேட்டுப் பார்ப்பது. பெரியவர் முதல் நாள் கடிகாரத்தைத் திறக்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்டார். அதற்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

எல்லாவற்றையும் என்றைக்கும் ஓட வைப்பதும் நம் கையில் இல்லை. அந்தத் தகர டப்பாவுக்கு ஒருநாள் இந்தக் கடிகாரமும் போகும். தாத்தாவும் எப்படியோ ஒருநாள் போயிருப்பார். ஆனால் காலம் எடுத்துக்கொண்டு போவது வேறு, நம் அசட்டையால் தேய்ந்து போவது வேறு. இரண்டாவதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆம், கடன்பட்டிருக்கிறோம். நமக்காக ஓடுகிற ஒன்று தன் தேய்மானத்தைத் தானே சொல்லாது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்ல மாட்டார்கள். நமக்குச் செலவு வைக்கக் கூடாது என்றே வாயை மூடிக்கொள்வார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

கடிகாரம் இப்போது நாளைக்கு 15 வினாடி முந்தி ஓடுகிறது. பெரியவர் 'பாலிஷ்' போடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். மூடியின் உள்ளே ஐந்தாவது தேதி இருக்கிறது. அடுத்த தேதி எப்போது என்பதைக் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன்.

அதற்குக் கீழேயே இன்னொன்றும் குறித்திருக்கிறேன். அம்மா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்கிறார். 19 ஆண்டுகளாக. போன மாதம் அவரை அரசு கிளினிக்குக்கு இரத்தச் சோதனைக்குக் கூப்பிட்டேன். "எனக்கு என்னடா, நல்லாத்தானே இருக்கேன்," என்றார். நான் எதுவும் பதில் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, அவர் கிளம்பி வரும் வரை வாசலில் காத்திருந்தேன்.